பதிமூன்றுக்கு அப்புறம் பன்னிரண்டு

கடலூர் பஸ் ஸ்டாண்டை விட்டுச் சிதம்பரம் வண்டி கிளம்பியதுமே கண்ணாயிரத்துக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. காலையிலிருந்து மனிதர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவர் மடியில் இருபத்தொரு வருஷக் கனம் இருந்தது.

பக்கத்து சீட்டில் சரண்யா. பதிவாளர் ஆபீஸில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனால் நீ யார் என்று கேட்டால் 'தூரக்கப்பல் ரசிகர் கூட்டத் தலைவி' என்றுதான் முதலில் சொல்வாள். வண்டியின் பின்பாதி முழுக்க அந்தக் கூட்டம்தான். முப்பது பேரும் முதுகில் கப்பல் படம் போட்ட பனியனில் இருந்தார்கள். கண்டக்டர் ஏதோ கட்சி மாநாடு என்று நினைத்து மரியாதையாக நடந்துகொண்டார்.

"அக்கா, படம் தேறுமா?" என்றான் பின்சீட்டு சித்தார்த். பாங்கில் வேலை பார்க்கிறவன். எதிலும் முதலில் நஷ்டத்தைப் பார்க்கிற ஆள். "சின்ன டிவி பொட்டியில பாத்ததாலதான் நமக்கு அது கப்பலாத் தெரிஞ்சுது. அம்மாம்பெரிய ஸ்கிரீன்ல போட்டா மீன்கூடதான் தெரியும். இது குருவி தலையில பனங்கா வக்கிற கத."

"வாய வச்சிக்கினு சும்மா இருடா. எடுத்தது யாரு? நம்ம பூவரசன்!" என்றாள் சரண்யா.

'தூரக்கப்பல்' தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடலாம். 2004-ல் ஒரு சின்ன சேனலில் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்த தொடர் அது. மற்ற சேனல்களில் மாமியாரும் மருமகளும் போட்டி போட்டு அழுதுகொண்டிருந்த காலத்தில், வழிதவறிப்போன ஒரு விண்கலத்தைப் பற்றிச் சிதம்பரத்துக் கணக்கு டீச்சர் மங்கலம் எழுதிய கதை. கடலூர் முதுநகரில் மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரியில் எடுத்தார்கள். பைலட் பவானி கப்பலை ஓட்டியது லாரி ஸ்டியரிங்கை வைத்து. கூரையில் மினுக்கிய விளக்குகளை உற்றுப் பார்த்தால் பிளாஸ்டிக் மீன்கூடை தெரியும். கப்பல் கதவு திறக்கும்போதெல்லாம் ஐஸ் பேக்டரிக் கதவு வீல் என்று கத்தும். சிரிக்க இவ்வளவு இருந்தும் யாரும் சிரிக்கவில்லை. கதை அப்படி. கப்பலில் ஆறு பேர் ஒரு குடம் தண்ணீரை ஒன்பது நாளைக்குப் பங்கு வைத்த பகுதியைப் பார்த்துவிட்டு ஊர்ப்பிள்ளைகள் தெருக்குழாயை இறுக்கி மூடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் பூமியிலிருந்து வயர்லெஸில் ஒரு குரல் கூப்பிடும்: "தூரக்கப்பல், தூரக்கப்பல், ஆள் இருக்கா?" பவானி பதில் சொல்வாள்: "இருக்கோம்." கடலூர்ப் படகுகளில் இன்றைக்கும் வயர்லெஸில் ஒருத்தன் "ஆள் இருக்கா" என்றால் மற்றவன் "இருக்கோம்" என்றுதான் சொல்கிறான்.

பதிமூன்றே பகுதியில் தொடரை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சேனலையே மூடினார்கள். அசல் டேப்புகளின் மேல் வேறு எதையோ பதிந்து அழித்தார்கள். உலகத்தில் மிஞ்சியது, புதுப்பாளையத்தில் கேபிள் டிவி நடத்திய கண்ணாயிரம் தன் கன்ட்ரோல் ரூமில் பதிந்து வைத்த கேசட்டுகள் மட்டும்தான். சரண்யாவும் கூட்டாளிகளும் அவற்றை வாங்கி இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். சிங்கப்பூர், கனடா என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். 'கப்பலைக் காத்த கண்ணாயிரம்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்து, மேடையில் ஏற்றிச் சால்வையும் போர்த்தினார்கள். சால்வை விழும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஆகா, என்ன அடக்கம் என்றார்கள்.

அடக்கமாவது மண்ணாவது. கடைசி இரண்டு பகுதிகளையும் அவர் முன்பின்னாக மாற்றி வைத்திருந்தார். கை தவறி அல்ல. தெரிந்தே செய்தது.

டீச்சர் எழுதியபடி, பன்னிரண்டாம் பகுதியில் மற்றவர்கள் உறக்கப்பெட்டியில் கிடக்க, பவானி இடது கையில் கட்டோடு தனியாக நின்று கப்பலை ஒரு பெரிய சுழலிலிருந்து மீட்கிறாள். பதிமூன்றில் கப்பல் உடைகிறது. ஐந்து பேரையும் சின்னக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் தங்கிவிடுகிறாள். பூமி மூன்று முறை கூப்பிடுகிறது. பதில் இல்லை. திரை இருட்டுகிறது. அதோடு சரி.

கண்ணாயிரம் பதிமூன்றை முன்னால் வைத்தார்; இரண்டிலும் பகுதி எண் வரும் அட்டையை நறுக்கிவிட்டுப் பன்னிரண்டைக் கடைசியில் வைத்தார். ஆகவே அவர் கேசட்டில், பதில் இல்லாத அந்த இருட்டுக்கு அப்புறம் பவானி மறுபடியும் ஸ்டியரிங் பிடித்து நிற்கிறாள். "இருக்கோம்" என்கிறாள். செத்தவள் எப்படி வந்தாள் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார்கள்: அது காலச்சுழல், உள்ளே போனவள் பின்னோக்கி வந்து கப்பலை மீட்கிறாள், கையிலிருக்கும் கட்டே சாட்சி. நாற்பது பக்கக் கட்டுரைகூட உண்டு. "வரிசை மாறியிருக்கிறது, நான் அன்றைக்கே டிவியில் பார்த்தேன்" என்று விழுப்புரத்துக்காரர் ஒருவர் எழுதினார். பெரியவரே, உங்களுக்கு மறதி வந்துவிட்டது என்று எல்லோரும் சேர்ந்து அவரை உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாயிரம் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சோறு நன்றாயிருக்கிறது என்று ஊரே சாப்பிட்டது.

இப்போது அந்தத் தொடர் சினிமாவாகியிருந்தது. எடுத்தவன் தேவனாம்பட்டினத்துப் பூவரசன். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்திரண்டு வயது, இதுதான் முதல் படம். ஐந்து வருஷ உழைப்பு. கதை உரிமை மங்கலம் டீச்சரிடம் இருந்தது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "பேப்பர்ல எழுதிக் காட்டாதே. படத்த முடிச்சிட்டுக் காட்டு. என் கதையா இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா என் பேரும் கப்பல் பேரும் படத்துல இருக்கக்கூடாது." இன்று சிதம்பரத்தில் காலைக் காட்சியாக அவருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கூட ரசிகர் கூட்டம்.

புதுச்சத்திரம் தாண்டும்போது சரண்யா அவர் காதருகே குனிந்தாள். "மாமா, ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க. எடிட்டிங்ல ஒரு பார்ட் பாத்தன். படத்தோட உசிரே அந்தக் கடைசிதான். காலச்சுழல். மத்ததெல்லாம் அதுக்கு வழிதான்."

கண்ணாயிரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் எழுதாத முடிவு. டீச்சரே பார்க்கப்போகிறார். கையெழுத்து கிடைக்காது. 'தூரக்கப்பல்' என்ற பெயர் போனால் படத்தை எவன் வந்து பார்ப்பான்? ஐந்து வருஷத்தைக் கொட்டிய பிள்ளை நடுத்தெருவில் நிற்பான், தான் என்ன தப்பு செய்தோம் என்றுகூடத் தெரியாமல். வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் அவர் வேறு எதையும் நினைக்கவில்லை.

தியேட்டர் வாசலில் டீச்சர் ஏற்கெனவே வந்திருந்தார். எழுபது வயது. வெள்ளைப் பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப்பை, இன்றைக்கும் யாரையோ பெஞ்சு மேல் ஏற்றப்போகிற பார்வை. பூவரசன் அவர் முன்னால் கையைக் கட்டி நின்றான். தாடி வளர்த்த டைரக்டர் வீட்டுப்பாடம் செய்யாத பையனாகத் தெரிந்தான்.

"நீங்கதானா கேசட்டு வச்சிருந்தவரு?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க டீச்சர். உங்ககிட்ட ஒரு விஷயம்... அந்தக் கேசட்ட நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? எழுதுனவளுக்கு என்ன எழுதுனோம்னு தெரியாதா?"

"இல்லிங்க, அதுல வந்து..."

"படம் முடியட்டுங்க. முன்னாடியே பேசுனா மார்க்குக் கொறஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். கண்ணாயிரமும் பின்னால் நடந்தார். டீச்சருக்கு இரண்டு சீட்டு தள்ளி, தூக்கு மேடையில் ஏறுகிறவர் மாதிரி போய் உட்கார்ந்தார்.

படம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிஷம் வரைக்கும் பயத்தில்தான் இருந்தார். அதற்கு மேல் பயப்பட நேரமில்லை. கப்பல் அவ்வளவு பெரிது. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் முடியவே இல்லை. ஆனால் உள்ளே போனால் அதே கப்பல்! பைலட் கையில் அதே லாரி ஸ்டியரிங். புதுப் பவானியாக வந்த பெண், பழைய பவானி போலவே பேசுவதற்கு முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கதவு திறந்தபோது பழைய ஐஸ் பேக்டரிக் கதவு தியேட்டரின் நாலு மூலையிலும் வீல் என்று கத்த, சித்தார்த் எழுந்து நின்று விசில் அடித்தான். நஷ்டக் கணக்கெல்லாம் அவனுக்கு எங்கே போயிற்றோ.

தண்ணீரைப் பங்கு வைக்கும் காட்சியில் இசையே இல்லை. தம்ளரில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். எல்லோருக்கும் தொண்டை வறண்டது. இந்தப் பயல் எங்கே கற்றான் இதை? கண்ணாயிரம் ஆயிரம் படம் பார்த்தவர், கேபிளில் ஆயிரம் படம் போட்டவர். பத்து லட்சம் கொட்டினால் பத்து லட்சத்தையும் கண்ணில் காட்டித் தொலைப்பார்கள். இவன் கோடியைக் கொட்டிவிட்டு ஒரு தம்ளரைக் காட்டுகிறான். பெருமையில் அவருக்கு நெஞ்சு விம்மியது. மறு நிமிஷமே, இவ்வளவும் என்னால் கெடப்போகிறதே என்று குமுறியது.

கப்பல் உடைந்தது. ஐந்து பேரும் போனார்கள். பவானி கதவைச் சாத்தினாள்.

"தூரக்கப்பல், தூரக்கப்பல், ஆள் இருக்கா?"

மூன்று முறை. பதில் இல்லை. திரை முழுக்க இருட்டு.

இருட்டில் டீச்சர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஜோல்னாப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நடைபாதைக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த கதை முடிந்துவிட்டது. முகத்தில் திருப்தி இருந்தது. வாசலை நோக்கி நாலு அடி வைத்தார்.

அப்போது திரையில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. கட்டுப் போட்ட இடது கை ஒன்று மெதுவாக ஸ்டியரிங்கைத் தொட்டது.

டீச்சர் அப்படியே நின்றார். சுழல் திரும்பியது, காலம் திரும்பியது, பின்னோக்கி வந்த பவானி கப்பலை மீட்டாள். பதினெட்டு நிமிஷம். டீச்சர் உட்காரவே இல்லை. நடைபாதையில் பையோடு நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். "இருக்கோம்" என்ற சொல் வந்ததும் ரசிகர் கூட்டம் கத்திய கத்தலில் கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. கண்ணாயிரம் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. டீச்சரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. டீச்சர் திரும்பினார். "பூவரசா, இங்க வா. இந்த முடிவ யாரு எழுதுனது?"

பூவரசன் சிரித்தான். "என்ன டீச்சர் இப்பிடிக் கேக்கறீங்க? நீங்கதான். உங்க பதிமூணாவது பகுதி."

"என் பதிமூணுல அவ செத்துட்டா."

சரண்யா கண்ணாயிரத்தைப் பார்த்தாள். பூவரசனின் சிரிப்பு அப்படியே உதட்டில் நின்று, பிறகு போய்விட்டது. கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரமே இல்லை என்று கேட்டவனின் முகம் அது. அதைப் பார்த்த பிறகு கண்ணாயிரத்தால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான்தான் டீச்சர்" என்று எழுந்தார். "வரிசைய மாத்துனது நான்தான். இவங்க யாருக்கும் தெரியாது. இந்தப் புள்ளைக்கும் தெரியாது."

"எதுக்கு மாத்துனீங்க?"

"பன்னெண்டு வந்த ஞாயித்துக்கெழம ஊர் பூரா கரண்ட் இல்ல. எங்க ரூம்ல மட்டும் ஜெனரேட்டர் ஓடுச்சு, பதிஞ்சுட்டன். பதிமூணு வந்த ஞாயிறு..." அவர் பூவரசனை ஒருமுறை பார்த்தார். "டிசம்பர் இருவத்தாறு டீச்சர். கடல் வந்த அன்னிக்கு. நான் தேவனாம்பட்டினத்துல நின்னுக்கினு இருந்தன். டைமர் போட்டு வச்சிருந்தது, அதுபாட்டுக்குப் பதிஞ்சிருந்துச்சு. எங்க ஊர்ல ஒரு ஆளு அத அன்னிக்குப் பாக்கல."

கண்ணாயிரம் டீச்சரைப் பார்த்தே மேலே சொன்னார்.

"மறு மாசம் ஸ்கூல்ல கேம்ப் போட்டிருந்தாங்க. புள்ளைங்க பேசாமயே உக்காந்திருக்கும். எனக்கு வேற இன்னா செய்யத் தெரியும்? டிவியும் டெக்கும் எடுத்துக்கினு போயி, மொதப் பகுதியிலேர்ந்து தெனம் ஒண்ணு போட்டன். அப்பத்தான் வாயத் தொறந்துச்சுங்க. 'ஆள் இருக்கா'ன்னு டிவி கேக்கும், எல்லாம் சேந்து 'இருக்கோம்'னு கத்தும். கடைசி ரெண்டையும் போடறதுக்கு முன்னாடி நான் தனியாப் போட்டுப் பாத்தன். கூப்பிடறாங்க, கூப்பிடறாங்க, பதில் வரல. அந்தப் புள்ளைங்க அப்பிடித்தான் டீச்சர் பத்து நாளு கடக்கரையில நின்னு கூப்பிட்டிருந்துச்சுங்க. அதுங்களுக்கு இதக் கடைசியாக் காட்ட எனக்குக் கையி வரல. மாத்திட்டன். அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல. எழுதுனவங்களக் கேக்காம கைய வச்சது தப்பு. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க. பேர மட்டும் எடுத்துடாதீங்க."

பூவரசன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கேம்ப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பதினொரு வயதுப் பையன் அவன். கடல் அவன் அக்காவைக் கொண்டுபோயிருந்தது. இது கண்ணாயிரத்துக்கும் தெரியும், சரண்யாவுக்கும் தெரியும். டீச்சருக்கு இப்போது அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது.

டீச்சர் பையை இறக்கிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"என் முடிவு தப்பில்ல" என்றார். "தொடர நிறுத்துற கோவத்துல எழுதுனேன்னு கூட நெனச்சிருப்பீங்க. இல்ல. செத்தவங்க திரும்ப வரமாட்டாங்க, அதச் சொல்றதுக்கு ஒரு கதையாவது வேணும்னு எழுதுனேன். இன்னிக்கும் அதுல எனக்கு வெக்கமில்ல. கேக்காம நீங்க கைய வச்சது தப்புதான் கண்ணாயிரம், என் கிளாஸா இருந்தா வெளியில நிக்க வச்சிருப்பேன்."

கண்ணாயிரம் தலையாட்டினார்.

"வரிசை மாறுனா விடை மாறிடும்னு முப்பத்தஞ்சு வருஷம் சொல்லிக்குடுத்தவ நான். மாறித்தான் போச்சு." அவர் பூவரசனைப் பார்த்தார். "பைய எடுத்துக்கிட்டுக் கெளம்புனவள நடுவழியில நிக்க வச்சிட்டியேடா! என் கதையில அடுத்து என்னன்னு தெரியாம நானே நின்னேன். டிவியில வந்தது படத்துல தாங்குமான்னு நானும் பயந்துதான் வந்தேன். அந்தக் கதவ எண்ணெய் போட்டு அடக்காம வச்சிருக்க பாரு, அங்கயே தெரிஞ்சுபோச்சு. பெரிசாக்கணுங்கறதுக்காக எதையும் நீ அழகாக்கல. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. பேப்பரக் குடு."

பூவரசன் பேப்பரை நீட்டினான். டீச்சர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல், படத்தில் வரவேண்டிய பெயர்களின் பட்டியலில் தன் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். "இது இல்லாம ரிலீஸ் பண்ணா கேஸ் போடுவேன்" என்றார்.

அதிலிருந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை கடலூரில் படம் வெளியானது. முதல் காட்சிக்குத் தேவனாம்பட்டினமும் சோதிகுப்பமும் திரண்டு வந்திருந்தன. பூவரசன் சென்னைத் தியேட்டரை விட்டுவிட்டு இங்கே வந்து கண்ணாயிரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் எழுத்துப் போட்டார்கள்.

கதை: மங்கலம்.

அதற்குக் கீழே: வரிசை: கண்ணாயிரம்.

இப்படி ஒரு வேலை சினிமாவில் உண்டா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். பார்த்தாலே தெரியும், பேசாம இரு என்று சரண்யா அதட்டினாள். கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாமா" என்றான் பூவரசன். "அன்னிக்குக் கேம்ப்ல கடைசிப் பகுதி முடிஞ்சதும், அடுத்தது எப்பன்னு நான் உங்களக் கேட்டன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குடா. வரும்னு சொன்னன்."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"எங்கத்திய தெரிஞ்சு. கேசட்டு காலி. உன் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல முடியல, பொய் சொன்னன்."

"பொய் இல்ல மாமா" என்றான் அவன், திரையைக் காட்டி. "வந்துடுச்சு."

கண்ணாயிரம் அவன் கையைப் பிடித்தவர் படம் முடியும்வரை விடவில்லை. கப்பல் உடைந்தது. பவானி கதவைச் சாத்தினாள். பூமி ஒருமுறை கூப்பிட்டது, இரண்டாம் முறையும் கூப்பிட்டது. மூன்றாம் முறை "ஆள் இருக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள், பவானி திரும்பி வரட்டும் என்றுகூடக் காத்திராமல், தியேட்டர் முழுக்க அந்த இருட்டில் ஒரே குரலில் "இருக்கோம்" என்றது. கண்ணாயிரத்தின் குரல் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.